துலுக்க நாச்சியார் காட்டும் நெறி

தில்லி சுல்தானின் திருமகளார் எம்பெருமானைப் பிரிந்து தரிக்கமாட்டாமல் பின்தொடர்ந்து வந்து திருவடி சேர்ந்தார் என்பது ஐதிஹ்யம். திருவரங்கத்தில் அவருக்குச் சித்திர வடிவில் சந்நிதி. திருநாராயணபுரத்தில் செல்வப்பிள்ளையின் திருவடிகளிலே இடம். பெண், பிற மதத்தவர், வேற்றரசின் மகள் என்று எம்பெருமான் விலக்கவில்லை. அவருக்காக இன்றும் ரொட்டி அமுது செய்கிறான். 'துலுக்க' என்னும் அடைமொழியும் நீங்கவில்லை. அதனோடேயே அவர் 'நாச்சியார்' ஆனார். பிறப்பு உடலைப் பற்றியது. ஆத்மாவுக்கு அடையாளம் சேஷத்வமே.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இடம்பெயர்ந்தோர் குடியமர்ந்த ஊர் நம் எர்ணாவூர். இங்கும் கோஷ்டியில் புதியவர் ஒருவர் வந்து நின்றால், தீர்த்தம் தருமுன்னே "எந்த ஊர்? யார் வீட்டார்?" என்கிறோம். அடியாரின் பிறப்பை ஆராய்வது கொடிய அபசாரம் என்பது பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் காட்டியருளிய நெறி. அக்கேள்வியை நாம் விடுவோமாக.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.