ததீசியா, ஏகலைவனா?

ஒரு புதிய மருந்து வேலை செய்யுமா செய்யாதா என்பது எப்படித் தெரியும்? முதலில் சோதனைக் குழாயில் பார்ப்பாங்க, அப்புறம் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பாங்க. ஆனால் கடைசியில் ஒரு மனுஷன் சாப்பிட்டால்தான் உண்மை தெரியும். வேறு வழி இல்லை. இன்று நாம் யோசிக்காமல் விழுங்குகிற ஒவ்வொரு மாத்திரையையும், அதனால் நன்மையா தீமையா என்று தெரியாத நாளிலேயே விழுங்கிய சிலர் இருந்திருக்காங்க. அவங்க பெயர்கூட நமக்குத் தெரியாது.

அந்தச் சிலரில் ஒருத்தராக நாம் இருக்கலாமா? நம் வீட்டுப் பெரியவர்களை இருக்கச் சொல்லலாமா? அது தானமா, இல்லை நம்மைச் சோதனை எலியாக்கும் வேலையா?

இது நமக்குத் தூரத்துக் கேள்வி இல்லைங்க. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. எல்லா இனங்களையும் விட நாம்தான் அதிகம். சிறுநீரகம், கண், கால் என்று அது எங்கெல்லாம் போகும் என்பதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். நீரிழிவுக்குப் புதுப்புது மருந்துகள் வந்துகொண்டே இருக்கு. அவற்றைச் சோதிக்க நோயாளிகள் தேவை. ஆக, கேள்வி நம் வாசலுக்கே வரும்.

நான் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறேன். எங்கள் லேப்பில் கான்கிரீட் கட்டிகளை 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு எந்திரத்தில் வைத்து நொறுங்கும்வரை அழுத்துவோம். ஒரு கட்டி உடைந்தால்தான் ஒரு கட்டடம் நிற்குமா என்று தெரியும். கட்டியிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. மனுஷனிடம் கேட்கணும் என்பது இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் உலகம் இதைக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆச்சு.

புழுங்கல் அரிசியின் கதை

நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டில் பெரிபெரி என்று ஒரு நோய் இருந்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், கடைசியில் இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது. அதே காலத்தில் தமிழர்களிடம் அது அபூர்வம். நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. அந்தச் சத்தைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். அன்று இது யாருக்கும் தெரியாது. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கு என்றுதான் பிராடனே நினைத்தார்.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தாங்க. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில் அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை.

இந்தச் சோதனையும் அதைத் தொடர்ந்து இந்த நாட்டில் நடந்த ஆய்வுகளும் பிறகு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றின. பிளெட்சர் கொடியவரும் அல்ல. எந்த அரிசி ஆபத்து என்பது அன்று நிரூபணமாகாத விஷயம். ஆனாலும் அந்த 18 பேரை நினைத்தால் மனசு நெருடுது. பூட்டிய கதவுக்குள் இருந்தவங்க அவங்க. தட்டில் விழுந்ததைத் தின்பதைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும்? தாத்தாக்கள் தோட்டத்தில் சாப்பிட்ட புழுங்கல் சோறு அந்த உண்மைக்குச் சாட்சி. ஆனால் அதற்கு விலை கொடுத்தவங்க வேறு யாரோ.

இரண்டாம் உலகப் போரில் நாஜி மருத்துவர்கள் கைதிகள் மேல் செய்த கொடுமைகள் வெளியே வந்த பிறகுதான் 1947இல் நியூரம்பெர்க் நெறிமுறை வந்தது. 1964இல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் வந்தது. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: ஆளிடம் விளக்கு, சம்மதம் கேள், அவர் வேண்டாம் என்றால் விடு. நம் நாட்டிலும் சுகாதார அமைச்சின் அறநெறிக் குழு பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அரசு மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட சோதனையைத் தொடங்க முடியும்.

வேணாம்னு சொல்லலாமா?

சட்டம் வந்தாச்சு, பாரம் வந்தாச்சு. அப்படியானால் பிரச்சினை முடிந்ததா? இல்லை என்பதை என் பெரியப்பாவிடம் பார்த்தேன்.

அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். இப்போது ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கார். நீரிழிவு சிறுநீரகத்தைத் தொட ஆரம்பித்திருந்த நேரம், ஒரு புதிய மாத்திரையின் சோதனையில் சேர்கிறீர்களா என்று மருத்துவமனையில் கேட்டிருக்காங்க. வழக்கமான மருந்துகள் தொடரும். அதோடு, பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மலாயிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக ஒரு பாரம் கொடுத்திருந்தாங்க.

"டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்க கையெழுத்துப் போடணும்னு பார்த்துச் சொல்லு தம்பி" என்றார்.

நான் ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "இதுல சேரலைன்னாலும் உங்க வைத்தியம் நிக்காது பெரியப்பா. சேர்ந்துட்டு நடுவுல விலகினாலும் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேணாம்னு சொல்லலாமா?"

பிறகு அவரே சொன்னார்: "தோட்டத்துல டிரெஸ்ஸர் ஊசிய எடுத்தா நாங்க கைய நீட்டுவோம். எதுக்குன்னு ஒருநாளும் கேட்டதில்ல. கேட்டா மரியாத இல்லேன்னு நெனச்சோம்."

ஒரு வாரம் யோசித்தார். பெரியம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மறுபடி மருத்துவமனைக்குப் போய் அவர் கேட்ட முதல் கேள்வி, "மருந்து நல்லதுன்னு தெரிஞ்சா, சோதனை முடிஞ்ச பிறகும் எனக்குக் கிடைக்குமா?" என்பது. உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று ஒளிக்காமல் சொல்லியிருக்காங்க. அதைக் கேட்ட பிறகும் சேர்ந்தார். "நம்ம பிள்ளைங்களுக்கும் இதே வியாதிதானே வரப்போகுது" என்பது அவர் சொன்ன காரணம்.

முதல் நாள் அவர் சொன்ன 'சரி'யும், ஒரு வாரம் கழித்துச் சொன்ன 'சரி'யும் ஒரே சொல்தான், ஒரே கையெழுத்துதான். ஆனால் இரண்டும் ஒன்றா?

இரண்டு கதைகள்

நம் புராண இதிகாசங்களில் உடலைக் கொடுத்தவர்கள் நிறைய. அதில் இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

விருத்திராசுரனை அழிக்க ஆயுதம் வேண்டும். அதற்குத் ததீசி முனிவரின் எலும்பு வேண்டும். தேவர்கள் நேரில் போய், என்ன வேண்டும், எதற்கு வேண்டும் என்று சொல்லிக் கேட்கிறாங்க. பாகவதத்தில் ததீசி உடனே தலையாட்டுவதில்லை. எல்லா உயிருக்கும் உடல் எவ்வளவு பிரியமானது, சாவின் வலி என்ன என்று உங்களுக்குத் தெரியாதா என்று திருப்பிக் கேட்கிறார். அதன் பிறகுதான் மனமார உடலைத் துறக்கிறார்.

ஏகலைவன் கதை வேறு. அவன் துரோணரைக் குருவாக மனசில் வைத்தவன். குரு வாயைத் திறந்து கேட்டால் அவனால் 'இல்லை' என்று சொல்ல முடியாது. அது துரோணருக்கும் தெரியும். வலது கட்டைவிரலைக் கேட்டார். வெட்டிக் கொடுத்தான். லாபம் அர்ஜுனனுக்கு.

ஏகலைவன் மனப்பூர்வமாகத்தான் கொடுத்தான் என்று சிலர் சொல்வாங்க. அவனுடைய பக்தியை நானும் வணங்குகிறேன். ஆனால் கொடுத்தவன் உயர்ந்தவன் என்பதால் கேட்டது நியாயமாகிவிடாது. மறுக்க முடியாத ஒருவரிடம் கேட்டு வாங்குவதைத் தானம் என்று எப்படிச் சொல்வது?

பெரியப்பாவின் முதல் 'சரி' ஏகலைவனுடையது. இரண்டாவது 'சரி' ததீசியுடையது. மருந்துச் சோதனை தர்மமா அதர்மமா என்றால், என் பதில் இதுதான்: எந்தச் 'சரி'யை வாங்கினாங்க என்று பாருங்க.

சட்டம் இருக்கும் காலத்திலும் இது தவறிப் போகும். 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை ஓர் ஆய்வுத் திட்டத்தின் கீழ் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டாங்க. பலர் விடுதியில் தங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகள். பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தாங்க. 2013இல் இந்திய நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த ஊசி நல்ல ஊசிதான், நம் நாட்டுப் பள்ளிகளிலும் போடுறாங்க. தப்பு, கேட்காமல் போட்டதில்தான்.

பலனை எதிர்பார்க்காதே என்று யார் சொல்வது?

சமய வகுப்பில் படித்த ஒருவருக்கு இங்கே கீதை ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. கையில் இருப்பது மருந்தா வெறும் மாத்திரையா என்று தெரியாமலே, பலன் தனக்கு வராமல் போகலாம் என்று தெரிந்தே, தினமும் ஒழுங்காக விழுங்குகிறார் ஒருவர். இரண்டாம் அத்தியாயம் 47ஆம் ஸ்லோகத்துக்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பலனை எதிர்பார்க்காதே என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்ளலாம். மருந்துக் கம்பெனி எனக்குச் சொல்லக் கூடாது. நிஷ்காமியம் என்பது கொடுப்பவர் தானாக ஏற்கும் விரதம். வாங்குபவர் அதைச் சாக்காக வைத்துக் கடனிலிருந்து தப்பிக்க முடியாது. தோட்டத்தில் நம் ஆட்களுக்கு இது ஏற்கெனவே நடந்த கதைதானே? உழைப்பு ஒருத்தருக்கு, லாபம் இன்னொருத்தருக்கு.

பலன் திரும்பி வரும்படியும் செய்ய முடியும். ஈரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சி நோய்க்குச் சோஃபோஸ்புவிர் என்ற மருந்து வந்தபோது அதன் விலை சாமானியர் தொட முடியாத உயரத்தில் இருந்தது. 2017இல் மலேசிய அரசு, காப்புரிமைச் சட்டம் கொடுக்கும் உரிமையைப் பயன்படுத்தி, மலிவான மாற்று மருந்தை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தது. அதோடு சேர்த்துக் கொடுக்க ரவிடாஸ்விர் என்ற புதிய மருந்தை, லாப நோக்கமில்லாத ஓர் அனைத்துலக அமைப்பும் எகிப்தியக் கம்பெனி ஒன்றும் நம் சுகாதார அமைச்சும் சேர்ந்து சோதித்தாங்க. மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகள் அதில் சேர்ந்தாங்க. நூற்றுக்கு 97 பேர் குணமானாங்க. 2021 ஜூனில் அந்த மருந்துக்கு நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. உடலைக் கொடுத்தவர்களின் ஊருக்கே மருந்து வந்தது. பெரியப்பா கேட்ட கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் இருக்கு.

யாருக்கோ பட்ட கடன்

"இவ்வளவு ஆபத்து எதுக்கு? சோதனையெல்லாம் மத்தவங்க செய்யட்டும், முடிஞ்ச பிறகு மருந்தை வாங்கிக்கலாம்" என்று நண்பன் ஒருவன் சொன்னான். நியாயமான பேச்சு மாதிரித்தான் தெரியும். நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம்.

1998 செப்டம்பரில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக் காய்ச்சல் தொடங்கியது. முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்தாங்க. நோய் நெகிரி செம்பிலானுக்குப் பரவிய பிறகு, 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் அது ஒரு புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆனது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்தாங்க. 2018இல் கேரளாவின் கோழிக்கோட்டில் அதே கிருமி, நோயாளியைக் கவனித்துக்கொண்ட லினி என்ற இளம் தாதியையும் கொண்டுபோனது.

2024 ஜனவரியில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நிப்பா தடுப்பூசி ஒன்றின் மனிதச் சோதனை தொடங்கியது. சுமார் 50 பேர் அதற்கு முன்வந்தாங்க. அந்த நாட்டில் நிப்பா வந்ததே இல்லை. கிந்தா பள்ளத்தாக்கு எங்கே இருக்கு என்று அவங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனாலும் நம் மண்ணில் தலைகாட்டிய நோய்க்காக, அவங்க விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு கையை நீட்டினாங்க. மத்தவங்க செய்யட்டும் என்று நாம் சொல்லும்போது, அந்த 'மத்தவங்க' இப்படிப்பட்டவங்கதான்.

அதற்காக எல்லாரும் போய்ச் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்பதும் முழு மரியாதையுள்ள பதில். குடும்பத்தில் ஒரே சம்பாத்தியக்காரர், ஏற்கெனவே தளர்ந்த உடம்பு என்று மறுக்க நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் நோய் நம் இனத்தில் அதிகம் என்றால், மருந்து நம் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிய வேண்டும். வேறு இனத்தவரை மட்டும் வைத்துச் சோதித்தால் அது தெரியாது. படித்தவர்கள், கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டால், கேட்கத் தெரியாதவர்கள்தான் அந்த வரிசையில் நிற்பாங்க. மறுபடி ஏகலைவன்தான்.

நம் தலைமுறைக்கு மலாயும் ஆங்கிலமும் படிக்க வரும். வீட்டில் பெரியவர் யாருக்காவது இப்படி ஒரு பாரம் வந்தால், கையெழுத்து இடத்தைக் காட்டிவிட்டு எழுந்துவிடாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்துச் சொல்லுங்க. என்ன ஆபத்து, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா என்று மூன்று கேள்வியை எழுதிக் கொடுத்து அனுப்புங்க. முடிந்தால் கூடவே போங்க. "வேணாம்னு சொல்லலாம்" என்பதை முதலில் சொல்லுங்க. அதைக் கேட்ட பிறகும் அவர் 'சரி' என்றால், அந்தக் கைக்கு நீங்கள் மரியாதை செய்யலாம். நாளைக்கு உங்களிடமே யாராவது கேட்டால், உடனே தலையாட்டவும் வேண்டாம், உடனே ஓடவும் வேண்டாம். ததீசி மாதிரி முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்.