குதிரை படித்த பாடம்



உயிர்களின் அறிவைப் பற்றி நம் ஆகமங்கள் விரித்துரைத்தவற்றை நாம் ஏட்டளவில் அறிவோம். மேலைநாட்டார் அவ்வறிவை ஒரு குதிரையிடம் சோதித்துப் பார்த்த வரலாறு ஒன்றுண்டு. அதனை இன்று சிந்திப்போமாக.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெர்லின் மாநகரில் வில்ஹெல்ம் வான் ஓஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வாழ்ந்தார். அவர் வளர்த்த குதிரையின் பெயர் ஹான்ஸ். மூன்றும் நான்கும் எத்தனை என வினவினால், அது குளம்பால் ஏழு முறை நிலத்தைத் தட்டி நிறுத்தும். பின்னக் கணக்கும் அதற்கு எளிது. காணத் திரண்ட மக்களிடம் ஆசிரியர் காசு ஏதும் பெற்றாரில்லை. 1904ஆம் ஆண்டில் அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து, இதில் தந்திரம் ஏதுமில்லை என்று கூறிற்று.

பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் ஆய்வாளர் நுணுகி நோக்கினார். வினவுபவருக்கே விடை தெரியாதபோது குதிரை தவறியது. வினவுபவரைக் காணாதவாறு கண்ணை மறைத்தபோதும் தவறியது. உண்மை யாதெனில், கேட்பவர் குளம்பை நோக்கிச் சற்றே குனிவார். சரியான எண் வந்ததும் தம்மை அறியாமலே தலையை இம்மியளவு நிமிர்த்துவார். அவ்வசைவைக் கண்டு குதிரை நிறுத்திற்று. இவ்வுண்மையை அறிந்த பின்னும் ஃபுங்ஸ்டால் தம் முகக்குறிப்பை முற்றிலும் அடக்க இயலவில்லை. 1907ஆம் ஆண்டில் அவர் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார்.

குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று உலகம் நகைத்தது. நாம் நகைத்தல் தகுமோ? அது எண்களைப் படிக்கவில்லை, மனிதரைப் படித்தது. அறிஞர் பலர் கூடியும் காணாத அசைவை ஒரு விலங்கு கண்டதே!

நம் ஆகமங்களை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. ஐம்பொறி உயிர்களுள் மனமுடையவற்றைச் சஞ்ஞி என்கிறோம். கற்பிப்பதையும் செய்கைக் குறிப்பையும் பேச்சையும் பற்றிக்கொள்ளும் ஆற்றலே சஞ்ஞிக்கு இலக்கணம். குதிரையும் பசுவும் அவ்வகையைச் சார்ந்தவை. மனமுடைமையில் அவை நம் வரிசையில் நிற்பவை.

அவ்வாறாயின், நம் தொழுவத்துப் பசு நம் முகத்தில் எதனைப் படிக்கின்றது?

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. ஏரும் மாடும் கொண்டு வாழ்ந்த இல்லறத்தாருக்கென்றே சொன்னாற்போல அவை அமைந்துள்ளன. தென்னாட்டுச் சமணராகிய நாமோ பெரும்பாலும் உழுகுடியினர். இன்று பல ஊர்களில் ஏரின் இடத்தை டிராக்டர் கொண்டுவிட்டது. ஆயினும் கறவை மாடு நம்மிடம் உண்டு.

அப்பசு பால் தருமளவும் இலட்சுமி என்கிறோம். பொங்கல் நாளில் மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். கறவை வற்றிய பின் செய்வதென்ன? தரகரை அழைக்கிறோம். அவர் எந்த ஊர்ச் சந்தைக்குக் கொண்டுசெல்கிறார், அங்கு வாங்குபவர் யார் என்று வினவுவதில்லை. விடை நமக்குத் தெரியும்; ஆதலின் வினவுவதில்லை. 'அடிமாடு' என்னும் சொல்லை அறியாதவர் நம்முள் யாருளர்?

"நாம் கொல்லவில்லை, விற்றோம், அவ்வளவே" என்று மனத்தைத் தேற்றுகிறோம். செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றினாலும் கொலை தவிர்ப்பதே அணுவிரதம் என்பது சமந்தபத்திர ஆசாரியரின் வாக்கு. இரவுணவு நீத்து, நீரை வடிகட்டிப் பருகி, கண்ணுக்குத் தோன்றாத சிற்றுயிரையும் காக்கும் நாம், பத்தாண்டு பாலூட்டிய ஐம்பொறி உயிரை அறிந்தே அனுப்புவது எவ்வாறு பொருந்தும்?

கயிற்றைத் தரகரிடம் கொடுக்கும் வேளையில் நம்மில் எவரும் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. நாம் பார்க்காவிடினும், அது நம்மைப் பார்க்கின்றது. ஹான்ஸ் படித்ததுபோல் அதுவும் படிக்கின்றது.

வைக்கோல் விலையையும் ஆட்கூலியையும் நாம் அறியாதவரல்லர். ஒரு குடும்பத்தால் தாங்க இயலாத சுமைதான். ஆயின் நான்கு குடும்பங்கள் கூடினால் ஒரு முதுபசுவைக் காக்கலாகாதா? குஜராத்தில் நம் சமயத்தார் பிஞ்சராபோல் என்னும் காப்பகங்களை வழிவழியாக நடத்திவருகின்றனர். நம் ஊர் ஜினாலயத்தை ஒட்டி ஒரு கொட்டகை அமைத்து, வீட்டிற்கு ஒரு கட்டு வைக்கோல் அளிப்பது நம்மால் ஆகாததன்று. அதுவும் இயலாதாயின், நம் தொழுவத்தில் பிறந்த ஒன்றையேனும் இறுதிவரை வைத்துக் காப்போம் என்று இப்பருவத்தில் உறுதி கொள்வோம்.

நம் முகத்தில் கருணையன்றி வேறொன்றையும் எவ்வுயிரும் படியாதிருக்கக் கடவது.

வளர்க ஜினதர்மம்! வாழ்க எவ்வுயிரும்!