நீக்கம் வேறு, குற்றம் வேறு

2023 நவம்பர் 21 அன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி, சீசன் பாதியைத் தாண்டியிருந்த நேரத்தில், தன் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் மேட் கனடாவை வேலையிலிருந்து நீக்கியது. அமெரிக்கக் கால்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அது வியப்பான செய்தி. 1969-இல் சக் நோல் பொறுப்பேற்றதிலிருந்து அந்த நாள்வரை அந்த அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர்கள் மூன்றே பேர். ஆட்களை அவசரப்பட்டு மாற்றுவதில்லை என்பது அந்த அணியை நடத்தும் ரூனி குடும்பத்தின் பெருமை. ஆனால் அந்த சீசனின் தொடக்கத்திலிருந்தே அணியின் சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்களே, ‘கனடாவை நீக்கு’ என்று முழங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டது கிடைத்தது. அது சரியா தவறா என்ற வாதம் அந்த ஊரில் வெகுகாலம் ஓடியது. அந்த வாதத்துக்குள் விளையாட்டைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பலர் கைபட்டுக் கெட்டுப்போன ஒரு காரியத்துக்கு ஒருவரை மட்டும் காரணமாக்குகிறோமே, எதைக்கொண்டு அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம்? வீட்டிலும் அலுவலகத்திலும் தினமும் எழும் கேள்விதான் இது. விளையாட்டில் ஒவ்வொரு நகர்வும் எண்ணாகப் பதிவாகிவிடுவதால், நம் தீர்ப்புகளை அங்கே சோதித்துப் பார்க்க முடிகிறது.

முதலில் ரசிகர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பந்து தன் அணியிடம் இருக்கும்போது அடுத்து என்ன செய்வது என்று திட்டம் வகுத்து, பெரும்பாலான அணிகளில் ஒவ்வொரு நகர்வையும் தேர்ந்து சொல்பவர் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். அவர் தேர்ந்த நகர்வு வானொலி இணைப்பு வழியாக, பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் கேட்கும். அடுத்த நகர்வைத் தொடங்கக் கொடுக்கப்படும் 40 விநாடியில் 15 விநாடி மிஞ்சும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதன்பின் எல்லாம் களத்தில் நிற்கும் பதினொருவரின் பொறுப்பு. கனடா 2021-இல் அந்தப் பதவிக்கு வந்ததிலிருந்து நீக்கப்பட்ட நாள்வரை, லீக் சுற்றில் ஒரே ஓர் ஆட்டத்தில்கூட ஸ்டீலர்ஸ் 400 யார்டு முன்னேறியதில்லை. 2023-இன் முதல் ஒன்பது ஆட்டங்களிலும் எதிரணியே அதிக யார்டு எடுத்தது. அதில் ஆறு ஆட்டங்களை ஸ்டீலர்ஸ் வென்றது என்றால் அதற்குப் பெரும்பங்கு தடுப்பு வீரர்களுடையது. நவம்பர் 19 அன்று கிளீவ்லாந்திடம் 13-10 என்று தோற்ற ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட் வீசிப் பெற்றது வெறும் 106 யார்டு. இதைப் பார்த்துக்கொண்டு ஒரு ரசிகர் பேசாமல் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஏதோ கெட்டிருக்கிறது என்று அவர்கள் கண்டது உண்மை. அந்த ‘ஏதோ’ எந்த நொடியில் ஓர் ஆளாக மாறியது என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

நீக்கத்துக்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பார்க்கலாம். ஐந்தே நாளில் சின்சினாட்டிக்கு எதிராக ஸ்டீலர்ஸ் 421 யார்டு குவித்தது. தடை உடைந்துவிட்டது என்று பிட்ஸ்பர்க் கொண்டாடியது. ஆனால் அந்த ஆட்டத்தில் எடுத்த புள்ளி 16 மட்டுமே. சின்சினாட்டியின் தடுப்பு அந்த ஆண்டு யார்டுகளை வாரி வழங்கிய தடுப்புகளுள் ஒன்று. அந்த அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ காயத்தால் அந்த சீசனையே இழந்திருந்தார். அடுத்த இரண்டு ஆட்டங்களில் அரிசோனாவிடமும் நியூ இங்கிலாந்திடமும் ஸ்டீலர்ஸ் சொந்த மைதானத்திலேயே தோற்றது. அந்த இரண்டு அணிகளும் அப்போது இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி என்ற நிலையில் இருந்தவை. அதன்பின் இண்டியானாபொலிசிடம் 30-13 என்று தோல்வி. இதற்கிடையில் பிக்கெட் கணுக்காலில் அடிபட்டு வெளியேற, மாற்றாக வந்தவரும் சோபிக்காமல் போக, மூன்றாம் இடத்தில் காத்திருந்த மேசன் ருடால்ஃப் களமிறங்கினார். தொடக்கத்திலிருந்தே ஆடிய முதல் ஆட்டத்தில் 34 புள்ளி, அடுத்ததில் 30, கடைசி மூன்று லீக் ஆட்டங்களிலும் வெற்றி. நகர்வுகளைத் தேர்ந்தவர்கள் அதே இடைக்காலப் பயிற்சியாளர்கள்தாம். பந்தை வீசிய கை மாறியிருந்தது. ருடால்ஃப்தான் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது; மூன்று ஆட்டம் சிறிய கணக்கு. ஆயினும் கனடா ஒருவரே நோய் என்றால், அவர் போன பிறகு அந்த மூன்று தோல்விகள் எதன் கணக்கில் சேரும்?

அப்படியானால் அவர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டார்? நவம்பர் மாதத்தில் யாரையெல்லாம் மாற்ற முடியும் என்று எண்ணிப் பாருங்கள். 53 வீரர்களை மாற்ற முடியாது. அணிகளுக்கிடையே வீரர்களைப் பரிமாறும் கெடு அக்டோபர் 31-உடன் முடிந்துவிட்டது. பிக்கெட்டை விலக்குவது கடினம். 2022-இல் முதல் சுற்றிலேயே, இருபதாவது தேர்வாக எடுத்தவர், அவர் தவறான தேர்வு என்றால் தேர்ந்தவர்களும் தவறியவர்கள் என்றாகிவிடும். தலைமைப் பயிற்சியாளர் மைக் டாம்லின் 2007-லிருந்து ஒரு சீசனில்கூடத் தோல்விகள் வெற்றிகளை விஞ்சவிடாதவர். உரிமையாளர் தன்னைத் தானே நீக்கிக்கொள்ள மாட்டார். மிஞ்சுவது ஒருங்கிணைப்பாளர். பழிசொல்லும் அளவுக்கு மக்கள் கண்ணில் படுபவர், நீக்கினால் அமைப்பு குலையாத அளவுக்கு மட்டும் முக்கியமானவர். நீக்க எளிதாக இருக்கும் அந்த இடமே, நம் மனத்துக்குள் சத்தமில்லாமல், குற்றத்தின் இடமாகிவிடுகிறது. பிட்ஸ்பர்க்குக்கு ஒரு வாரம் முன்பு பஃபலோவில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. நவம்பர் 13 அன்று டென்வருக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் எதிரணி ஃபீல்டு கோலைத் தவறவிட்டது. ஆனால் பஃபலோ பதினொருவருக்குப் பதில் பன்னிருவரைக் களத்தில் நிறுத்தியிருந்ததால் டென்வருக்கு மறுவாய்ப்பு கிடைத்து, பஃபலோ 24-22 என்று தோற்றது. அந்தக் குளறுபடி ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பில் வராத பிரிவில் நடந்தது. மறுநாள் வேலையிழந்தவர் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கென் டார்சி. அந்த ஆட்டத்தில் பஃபலோ நான்கு முறை பந்தைப் பறிகொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பந்தைக் கையில் வைத்திருந்தவர்கள் வீரர்கள்.

பஃபலோ அதன்பின் கடைசி ஏழு லீக் ஆட்டங்களில் ஆறை வென்றதே, அது நீக்கத்தின் பலன் இல்லையா என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் ஒரு பயிற்சியாளர் எப்போது நீக்கப்படுகிறார் என்பதை மறக்கக் கூடாது. அணி மிகத் தாழ்ந்து கிடக்கும் நேரத்தில்தான் நீக்குகிறார்கள். தாழ்வின் அடியிலிருந்து எந்த அணியும், யாரையும் மாற்றாமலேகூட, பெரும்பாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்; காயம்பட்டவர்கள் திரும்புவார்கள், எதிரணிகள் மாறும், கெட்ட நேரம் ஓயும். பொருளியலாளர் பாஸ் டெர் வீல், நெதர்லாந்துக் கால்பந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களை எடுத்து இதைத்தான் ஆராய்ந்தார். சரிவின்போது பயிற்சியாளரை நீக்கிய அணிகள் மீண்டன. அதே போன்ற சரிவில் நீக்காமல் இருந்த அணிகளும் மீண்டன. நீக்கியதால் கூடுதலாக எதுவும் கிடைத்ததாக அவர் ஆய்வில் தெரியவில்லை. அது வேறு கால்பந்து, வேறு பதவி என்பது சரி. ஆனால் ஏற்றத்தைக் கண்டதும் அதற்கு முந்தைய நாள் செய்த காரியத்துக்குப் புகழைக் கொடுக்கும் பழக்கம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று பால்டிமோர். 2012 டிசம்பரில், ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி என்ற நல்ல நிலையிலேயே, ரேவன்ஸ் அணி கேம் கேமரனை நீக்கி ஜிம் கால்டுவெல்லை அமர்த்தியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2013 பிப்ரவரி 3 அன்று சான் பிரான்சிஸ்கோவை 34-31 என்று வென்று சூப்பர் பவுல் கோப்பையை எடுத்தது. குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ லீக் சுற்றுக்குப் பிந்தைய பிளேஆஃபில் 11 டச்டவுன் வீசினார், ஒரு பந்தைக்கூட எதிரணியிடம் கொடுக்கவில்லை. நீக்கத்தால் வந்த வெற்றிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. அந்த முடிவு துணிச்சலானது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால்டுவெல்லின் முதல் ஆட்டத்தில் டென்வரிடம் ரேவன்ஸ் 34-17 என்று உதைபட்டது. பிளேஆஃபுக்கு முன் தாக்குதல் வரிசைக் காவலர்களின் இடங்கள் மாற்றப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனவரி 12 அன்று டென்வரின் கடுங்குளிரில், ஆட்டம் முடிய அரை நிமிடம் இருக்கையில், ஃபிளாக்கோ வீசிய நெடும்பந்தை டென்வரின் தடுப்பு வீரர் ரஹீம் மூர் கணிக்கத் தவறினார். பந்து அவர் தலைக்கு மேல் பறந்து ஜேக்கபி ஜோன்ஸ் கையில் விழுந்து, 70 யார்டு டச்டவுன் ஆயிற்று. மூர் சரியாகத் தாவியிருந்தால் ரேவன்ஸ் அன்றே வீடு திரும்பியிருக்கும். கேமரனை நீக்கியது பதற்றத்தில் செய்த பிழை என்று இன்று எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரே முடிவுதான், அதன் அறிவை நாம் எதிரணி வீரர் ஒருவரின் கணிப்புப் பிழையைக்கொண்டு அளக்கிறோம்.

இதே மயக்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2015 பிப்ரவரி 1 அன்று நடந்த சூப்பர் பவுலின் கடைசி நொடிகளில், வெற்றிக்கு ஒரு யார்டு தூரத்தில், சியாட்டில் அணி பந்தைச் சுமந்து ஓட மார்ஷான் லிஞ்ச் இருந்தும் வீசத் தீர்மானித்தது. நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் அதைப் பறித்தார், 28-24. அந்த நகர்வைத் தேர்ந்து சொன்ன ஒருங்கிணைப்பாளர் டேரல் பெவெல் மீது நாடே பாய்ந்தது. ஆனால் அந்த சீசனில் அதுவரை ஒரு யார்டு தூரத்திலிருந்து வீசிய ஒரு பந்துகூடப் பறிபோனதில்லை. கையில் ஒரே ஒரு டைம்அவுட், 26 விநாடி. வீசித் தவறினால் கடிகாரம் நிற்கும், மேலும் இரண்டு முயற்சி மிஞ்சும். கணக்குப் போட்டுச் செய்த காரியம் அது. ஓடியிருக்கலாம் என்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மோசமான விளைவு ஒன்றைக் கண்டு, மோசமான அறிவு ஒன்றை அதற்குப் பின்னால் பொருத்திவிடுவது நியாயமாகாது. தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல் அன்றிரவே பொறுப்பைத் தன் மேல் ஏற்றுக்கொண்டார். பெவெல் மேலும் மூன்று சீசன் அங்கேயே வேலை செய்தார். அந்த மூன்றில் முதல் இரண்டிலும் சியாட்டில் பிளேஆஃபுக்குப் போனது.

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பதுதான் நான் சொல்ல வருவது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழமொழி இங்கே பாதி வழிதான் வரும். அம்பை விட்டுவிட்டு எய்தவனைப் பிடிப்பதும் ஒருவரையே பிடிப்பதுதான். 2024 நவம்பர் 12 அன்று சிகாகோ பேர்ஸ் ஒருங்கிணைப்பாளர் ஷேன் வால்ட்ரனை நீக்கியது. பதினேழே நாளில் தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃபுளூசையும் நீக்கியது. சீசன் நடுவே தலைமைப் பயிற்சியாளரை நீக்குவது அந்த அணியின் நெடிய வரலாற்றில் அதுவே முதல்முறை. முதல் நீக்கம் பசியை ஆற்றாததால் பழி ஒரு படி மேலேறிற்று. அதற்கும் மேல் ஏறினால் நிர்வாகம், உரிமையாளர், கடைசியில் பணம் கொடுத்துப் பார்க்கிற ரசிகரின் பொறுமையின்மை. ஒவ்வொரு படியிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. முழு உண்மை எந்தப் படியிலும் நிற்கவில்லை.

ஆகவே நான் கேட்பது நீக்காதீர்கள் என்பதன்று. கனடாவை நீக்கியது சரியான முடிவாகவே எனக்குப் படுகிறது. மூன்றாண்டு கொடுத்த வாய்ப்பு பலன் தரவில்லை, வேறொருவரைப் பார்ப்பதில் அநியாயம் இல்லை. ஆனால் ‘இவர் இந்த வேலைக்குப் பொருந்தவில்லை’ என்பது ஒரு தீர்ப்பு, ‘எல்லாம் இவரால்தான்’ என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்லும் உரிமை ரசிகருக்கும் உண்டு, நிர்வாகத்துக்கும் உண்டு. இரண்டாவதைச் சொல்ல யாரிடமும் சான்று இல்லை. நீக்கத்தை நியாயப்படுத்த இரண்டாவது தேவையும் இல்லை. ஆனாலும் நாம் அதைச் சேர்த்தே சொல்கிறோம், ஏனெனில் ஒருவர் மேல் முழுப்பழி ஏறினால்தான் மற்றவர் கைகள் சுத்தமாகின்றன. பிக்கெட்டைத் தேர்ந்தவர்கள் யார், 2022 முடிவிலேயே மாற்றியிருக்கக்கூடிய ஒருங்கிணைப்பாளரை இன்னோர் ஆண்டுக்கு வைத்துக்கொண்டவர்கள் யார் என்ற கேள்விகள், முழக்கம் நிறைவேறிய வாரத்தில் காணாமல் போயின.

லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர், வசையையும் சேர்த்துத்தானே வாங்குகிறார் என்று ஒரு மறுப்பு உண்டு. சம்பளம் வேலை போகும் அபாயத்துக்கு ஈடு, அதை ஏற்கிறேன். 2025 நவம்பர் இறுதியில், சிகாகோவிடம் தோற்ற இரவு, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஒருங்கிணைப்பாளர் கெவின் பட்டுல்லோவின் வீட்டின் மேல் முட்டை வீசினார்கள். எந்தச் சம்பளமும் அதற்கு ஈடாகாது. வீசியவர்கள் சிலர்தான், பெரும்பாலான ரசிகர்கள் வெட்கப்பட்டார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் ‘எல்லாம் இவரால்தான்’ என்று ஒரு நகரம் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொன்னால், அதைக் கேட்டு வளரும் ஆத்திரம் தேடிப் போவதற்கு ஒரு முகவரிதான் பாக்கி.

ஸ்டீலர்ஸ் 2024-க்குள் எல்லாவற்றையும் மாற்றியது. ஆர்தர் ஸ்மித் புதிய ஒருங்கிணைப்பாளராக வந்தார். பிக்கெட் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பப்பட்டார், ருடால்ஃபும் போய்விட்டார், ரஸ்ஸல் வில்சனும் ஜஸ்டின் ஃபீல்ட்ஸும் குவார்ட்டர்பேக் ஆனார்கள். கனடாவை நீக்கிய 2023-இல் அந்த அணி பத்து வெற்றி, ஏழு தோல்வியோடு பிளேஆஃபுக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே பஃபலோவிடம் தோற்றிருந்தது. 2024-இலும் பத்து வெற்றி, ஏழு தோல்வி. லீக் சுற்றின் கடைசி நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்று, பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் பால்டிமோரிடம் 28-14 என்று வெளியேறியது. மேட் கனடா அந்த ஊரை விட்டுப் போய் அப்போது ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.