நிச்சயதார்த்தமும் கல்யாணமும்

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்த பலரையும் போல எனக்கும் பரமண்டல ஜெபம் இன்றுவரை மனப்பாடம். தேவனுடைய ராஜ்யம் வரவேண்டும் என்று அதில் வேண்டிக்கொள்கிற இடம் வரும்போதெல்லாம் அந்த வயதில் எனக்கு ஒரு சங்கடம். அதே ஏசுநாதர் இன்னோரிடத்தில், அந்த ராஜ்யம் ஜனங்களின் நடுவில் வந்தேவிட்டது என்கிறாரே! வந்துவிட்டதை வரச் சொல்லி எதற்காக வேண்டுவது? வேதபாட வாத்தியாரைக் கேட்டேன். "உட்காருடா" என்றார்.

மகா பண்டிதர்களுக்கும் இதே சங்கடம் உண்டென்று பிற்பாடுதான் தெரிந்தது. ஆப்பிரிக்காவில் ஆஸ்பத்திரி கட்டிய ஆல்பர்ட் ஷ்வைட்ஸர் 1906-ல் எழுதிய நூலில், ஏசு எதிர்பார்த்த ராஜ்யம் வரவில்லை என்றார். இங்கிலாந்தின் சி. எச். டாட் 1935-ல், அவர் காலத்திலேயே அது வந்தாயிற்று என்றார். இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவது போல ஒரு வழி சொன்னவர் ஆஸ்கர் குல்மன். பாஸல் நகரத்துப் பேராசிரியர். அவருடைய 'கிறிஸ்துவும் காலமும்' யுத்தம் முடிந்த சூட்டோடு 1946-ல் வெளிவந்தது. யுத்தத்தின் முடிவைத் தீர்மானிக்கும் சண்டை ஒரு நாளில் நடந்துவிடுகிறது. வெற்றி விழா வேறொரு நாள் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் துப்பாக்கிகள் ஓய்வதில்லை. சிலுவையும் உயிர்த்தெழுதலும் அந்தச் சண்டை. கிறிஸ்து மறுபடி வருவது அந்த விழா. நாம் இருப்பது நடுவில்.

அழகான உவமைதான். 1944 ஜூன் 6-ல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியதையும், 1945 மே 8-ல் ஐரோப்பாவில் யுத்தம் முடிந்ததையும் இதற்குப் பொருத்திச் சொல்வது வழக்கம். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது உவமை சொன்னால், அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். அந்தப் பதினோரு மாதத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு போதகர் சிறையில் இருந்தார்.

டீட்ரிச் போன்ஹோபர். 1939-ல் அமெரிக்காவில் பத்திரமாக இருந்திருக்கலாம். போன சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்தார். 1943 ஏப்ரலில் பிடிபட்டார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி பிளாஸன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது முப்பத்தொன்பது. பதினான்காம் நாள் அமெரிக்கப் படை அந்த முகாமுக்கு வந்து சேர்ந்தது. இருபத்தொன்பதாம் நாள் வெற்றி விழா.

வெற்றி எப்போதோ முடிவாகிவிட்டது என்று அந்த மனிதரிடம் போய்ச் சொல்ல யாருக்கு நாக்கு வரும்? முடிவான வெற்றி அந்தக் கயிற்றைத் தடுக்கவில்லையே. குல்மன் இருந்தது சண்டை நுழையாத ஸ்விட்ஸர்லாந்தில் என்பதையும் நான் கவனிக்காமல் இல்லை. 'எல்லாம் ஜெயித்தாயிற்று, பொறுத்திருங்கள்' என்று சாய்வு நாற்காலியிலிருந்து சொல்கிற பக்தியை என்னால் மதிக்க முடிவதில்லை.

இதோடு புத்தகத்தை மூடியிருப்பேன். ஒரு சின்ன விஷயம் என்னை மூடவிடவில்லை. சிறைக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்பு, 1943 ஜனவரியில், போன்ஹோபருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் மரியா, பதினெட்டு வயது. சதியில் இறங்கிய மனிதருக்குத் தம் தலைக்குமேல் தொங்குவது தெரியாதா? தெரிந்தும் சம்மதம் கேட்டார், அவளும் தந்தாள். அந்தக் கல்யாணத்தை, இந்தப் பூமியின்மேல் தமக்குள்ள நம்பிக்கையாகவே அவர் நினைத்தார் என்பது சிறைக் கடிதங்களில் தெரிகிறது.

வாத்தியார் சொல்லாத பதில் நம்முடைய ஒரு சொல்லிலேயே இருக்கிறது. நிச்சயதார்த்தம் என்கிறோம். கல்யாணம் ஆகவில்லை, ஆனால் நிச்சயம் ஆகிவிட்டது. அன்றைக்கே அந்தப் பெண்ணின் நடை மாறிவிடுகிறது, பேச்சு மாறிவிடுகிறது, யாருக்காக எதைச் செய்வது என்பது மாறிவிடுகிறது. முகூர்த்த நாள் வரட்டும் என்று அதெல்லாம் காத்திருப்பதில்லை. வந்துவிட்டதும் வரவேண்டியதுமான ராஜ்யத்தை இப்படித்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த முகூர்த்தம் வரும் என்று ஜாமீன் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. போன்ஹோபருக்கு அது வரவில்லை.

1945 பிப்ரவரியில் மரியா அவரைத் தேடிக்கொண்டு பிளாஸன்பூர்க் வரைக்கும் போனாள். அப்போது அவர் அங்கே இல்லை. அவர் இறந்த செய்தி ஜூன் மாதம்தான் அவளுக்குக் கிடைத்தது. ஐரோப்பா வெற்றியைக் கொண்டாடிய அந்த மே 8-ஆம் தேதியும் அவள் அவருக்கு நிச்சயமான பெண்ணாகத்தான் இருந்தாள்.