உறுதியும் பிடிவாதமும்

எதிர்ப்பு வந்தவிடத்தும் தான் கொண்ட கருத்தை விடாதவனை உலகம் ஒருகால் உறுதியுடையோன் எனப் போற்றுகிறது; ஒருகால் பிடிவாதக்காரன் எனத் தூற்றுகிறது. இரண்டிடத்தும் செயல் ஒன்றே. அவ்வாறாயின் இவற்றைப் பிரிக்கும் எல்லை யாது? கருத்து இறுதியில் வென்றதா தோற்றதா என்பதே எல்லையெனின், அறம் வெறும் அதிட்டமாகிவிடும். இவ்வினாவை ஆராய்வதற்குப் பௌதிக வரலாற்றின் நிகழ்ச்சியொன்று துணைசெய்கிறது.

1986இல் சுவிற்சர்லாந்தில் பெட்னோர்சும் முல்லரும் லந்தனம், பேரியம், செம்பு, ஒட்சிசன் ஆகியன சேர்ந்த சேர்வையொன்று ஏறத்தாழ 30 கெல்வினில் மீகடத்தியாவதைக் கண்டனர். அடுத்த ஆண்டே, திரவ நைதரசனின் கொதிநிலையாகிய 77 கெல்வினுக்கு மேலும் மீகடத்தும் சேர்வை கிடைத்தது. இச்சேர்வைகள் படைபடையாக அமைந்தவை. செம்பும் ஒட்சிசனும் கொண்ட படைகளே மீகடத்தலுக்கு இடமாவன. இடைப்பட்ட படைகள் அவற்றிலிருந்து சிறிதளவு இலத்திரன்களை ஈர்த்துக்கொள்கின்றன. அவ்வாறு ஈர்க்காவிடின் செம்புப் படைகள் வெறுங் காவலிகளாகவே இருக்கும். எனினும் சாதாரண நிலையில் ஒரு செம்புப் படையிலிருந்து அடுத்த படைக்கு மின்னேற்றம் செல்வது மிகக் கடினம்.

இக்கடினத்திலேயே மீகடத்தலின் காரணம் மறைந்திருப்பதாகப் பிலிப் அன்டர்சன் கருதினார். அவர் 1977இல் நோபல் பரிசு பெற்ற அறிஞர். சாதாரண நிலையில் தனி இலத்திரன் படைவிட்டுப் படை தாவுவது தடைப்படுகிறது. மீகடத்து நிலையில் இணைசேர்ந்த இலத்திரன்கள் தடையின்றித் தாவுகின்றன. அத்தாவலால் நேரும் சக்திக் குறைவே மீகடத்து நிலையை நிலைபெறச் செய்கிறது என்பது அவர் கொள்கையின் சாரம். ஏறத்தாழ பத்தாண்டுகள் இதற்காக அவர் வாதிட்டார். 1997இல் நூலொன்றும் வெளியிட்டார்.

ஆயின் அக்கொள்கை ஓர் எண்ணுக்குத் தன்னைப் பிணை வைத்திருந்தது. தல்லியம் கலந்த ஒரு சேர்வையில் படைகளினிடையே காந்தப்புலம் ஊடுருவும் ஆழம் ஏறத்தாழ 1 மைக்கிரோமீற்றராக இருத்தல் வேண்டும் என்பதே அது. 1998இல் மோலர் குழுவினர் படைகளினிடையே அமைந்த காந்தச் சுழிகளைப் படம்பிடித்தும், வான் டெர் மாரெல் குழுவினர் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தியும் அவ்வாழத்தை அளந்தனர். இரு முறைகளிலும் அது 20 மைக்கிரோமீற்றரை அண்மியதாகவே காணப்பட்டது. தாவலால் கிடைக்கும் சக்தி இவ்வாழத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவது. எனவே, தேவைப்பட்ட சக்தியின் நூற்றிலொரு பங்கேனும் அங்கு இல்லை என்பது தெளிவாயிற்று. அன்டர்சன் அக்கொள்கையைக் கைவிட்டார்.

முதல் எதிர்ச்சான்றிலேயே கொள்கையைத் துறப்பது அறிவுடைமையாகுமா என்று வினவுதல் கூடும். ஆகாது. இடையில் எழுந்த ஐயங்களுக்கு அஞ்சி அன்டர்சன் முன்னரே அதனைக் கைவிட்டிருப்பின், அச்சோதனைகளுக்கே தேவை தோன்றியிராது. அளவீடு வந்த பின்னரும், மாதிரியிற் குறை கூறியோ புதிய துணைக்கருத்தொன்றைச் சேர்த்தோ கொள்கையைக் காக்க முயலும் வழிகள் எவருக்கும் உண்டு. பத்தாண்டு காத்ததை உறுதி என்றும், அதற்குப் பின்னும் காப்பதைப் பிடிவாதம் என்றும் கூறுவதற்கு ஆதாரம் முன்னரே வைத்த அந்தப் பிணையேயாகும். இன்னது காணப்படின் இக்கருத்தை விடுவேன் என முற்கூறியவன், அது காணப்படும்வரை எவ்வளவு காலம் போராடினும் உறுதியுடையோனே. எது காணப்படினும் விடேன் என்பவன், அவன் கருத்து தற்செயலாக மெய்யாயினும் பிடிவாதக்காரனே. ஆகவே, இவற்றைப் பிரிக்கும் எல்லை முடிவு தெரிந்த பின்னர் அன்றி, அதற்கு முன்னரே வரையப்படுகிறது.

உயர் வெப்பநிலை மீகடத்தலின் காரணம் குறித்து இன்றும் அறிஞரிடையே முழு உடன்பாடு இல்லை. எனினும், அது படைகளினிடையே நிகழும் தாவலன்று என்பதை அறிந்தது சிறிய பேறன்று. சமுதாய வாதங்களை எண்ணாற் பிணைப்பது அரிது. ஆயினும், தான் மாறுவதற்கு எதனைக் காணவேண்டும் என்று வாதிடப் புகுமுன் தன்னையே வினவிக்கொள்வது எவருக்கும் இயலும். அவ்வினாவுக்கு விடையில்லாதவன் காப்பது உண்மையை அன்று, தன்னையே.