கைப்பக்குவம் யாருடைய சொல்?

ஒரு பெண் செய்த பண்டம் நன்றாக வந்துவிட்டால் நம் வீடுகளில் கிடைக்கும் பாராட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: "உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது." ஆங்கிலேயர் வீடுகளிலும் இதற்கு ஈடான பேச்சு உண்டு. ஸ்கோன் லேசாக உப்பி வந்தால், செய்தவளுக்கு 'லேசான கை' என்பார்கள். மாவுப் பண்டம் செய்பவளுக்குக் கை குளிர்ந்திருக்க வேண்டும், சிலருக்கு அது பிறவியிலேயே அமைந்தது என்றும் சொல்வார்கள். இரண்டு மொழியிலும் பாராட்டு போய்ச் சேருவது கைக்கு. அந்தக் கையை நடத்திய அறிவுக்கு அதில் பங்கில்லை. ஒருத்தியின் உழைப்பை அவள் உடலின் இயல்பு என்று புகழ்வது அவளுக்குச் செய்யும் மரியாதையா, அவளிடமிருந்து ஒன்றைப் பறிப்பதா? இதுதான் என் கேள்வி. கேள்வி பெரிது என்றாலும் ஸ்கோனைப் போன்ற ஒரு சின்னப் பண்டத்தை வைத்தே அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்கோன் ஸ்காட்லாந்துப் பண்டம். தொடக்கத்தில் ஓட்ஸ் மாவையோ பார்லி மாவையோ தட்டையாகத் தட்டி இரும்புக் கல்லில் சுட்டார்கள். இன்று நாம் காணும் உப்பிய ஸ்கோனுக்கு வழி செய்தது பேக்கிங் பவுடர். பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் 1843இல் அதை உருவாக்கினார். அவர் மனைவி எலிசபெத்துக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது என்பதே காரணம். கணவரின் பெயர் கண்டுபிடிப்பாளராக வரலாற்றில் நின்றது. மனைவியின் பெயர் ஓர் உடல் உபாதையாக மட்டும் நிற்கிறது. எதைச் சாப்பிட்டால் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்பதை யாரும் எழுதுவதில்லை.

நான் வீட்டில் செய்யும் கணக்கு இது. 250 கிராம் மைதா, மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. 50 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுகளாக்கி, ரவை போல உதிரும்வரை விரல் நுனியால் மாவில் பிசிற வேண்டும். பிறகு 25 கிராம் சர்க்கரை, 50 கிராம் உலர்திராட்சை, ஏறக்குறைய 150 மில்லி பால். சேர்ந்து வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் மாவின் பசைத்தன்மை வலுத்துப் பண்டம் இறுகிவிடும். இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, வட்ட அச்சை நேராக அழுத்தி எடுக்க வேண்டும். அச்சைத் திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு கோணலாக எழும்பும். மேலே தடவும் பால் பக்கவாட்டில் வழிந்தாலும் அப்படித்தான். அவன் முன்பே 220 டிகிரிக்குச் சூடாகியிருக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடம் போதும். வெண்ணெயில் இருக்கும் நீர் ஆவியாகிறது, பேக்கிங் பவுடரிலிருந்து கரியமில வாயு வருகிறது, இரண்டும் சேர்ந்து மாவைத் தூக்குகின்றன.

ஜாமும் அப்படியே. அரை கிலோ ஸ்ட்ராபெர்ரி, அதே அளவு சர்க்கரை, ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு. ஸ்ட்ராபெர்ரியில் பெக்டின் குறைவு. அது பிடித்துக்கொள்ளப் புளிப்பு வேண்டும். பதம் பார்க்க, ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியபின் விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும்.

இந்தக் கணக்கில் பிறவிக் கை எங்கே வருகிறது? குளிர்ந்த கை உதவும்தான், வெண்ணெய் உருகாது. ஆனால் குளிர்ந்த தண்ணீரில் கழுவிய எந்தக் கையும் குளிர்ந்த கைதான். லேசான கை என்று அவர்கள் சொல்வது, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை. அது கற்றுக்கொள்வது, கற்றுக்கொடுக்கவும் முடிவது.

என் அம்மாவின் பதினாறாம் நாளுக்கு வந்த உறவினர் பலரும் அவருடைய அதிரசத்தைப் பற்றியே பேசினார்கள். "அந்தக் கைப்பக்குவம் அக்காவோட போயிடுச்சு" என்றார் ஒரு சித்தப்பா. போகவில்லை, அது என்னிடம் இருக்கிறது. அரிசியை எவ்வளவு நேரம் நிழலில் உலர்த்துவது, மழைநாளில் அதை எவ்வளவு கூட்டுவது, பாகைத் தண்ணீரில் விட்டு இரு விரலால் உருட்டும்போது எந்த நிலையில் இறக்குவது என்று ஒவ்வொன்றையும் காரணத்தோடு எனக்குச் சொல்லித் தந்தார். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று சொற்கள் இருக்கின்றனவே, அவை தெர்மாமீட்டர் இல்லாத அடுப்படியில் பெண்கள் உருவாக்கிய அளவைகள் அல்லவா? ஆனால் என் தம்பிக்குச் சொல்லித்தரும்படி யாரும் அம்மாவைக் கேட்டதில்லை. கைப்பக்குவம் என்பது பெண்ணுடலில் ஊறுவது என்று ஆகிவிட்டபின் அவனுக்கு எதற்குப் பாடம்?

இந்தப் பாராட்டு செய்யும் வேலை அதுதான். இயல்பு என்றால் கற்பிக்க வேண்டாம், பங்கிட வேண்டாம், கூலி தர வேண்டாம். சரியாக வராத நாளில் மட்டும் அது அவளுடைய தவறாகிவிடும். 1972இல் செல்மா ஜேம்ஸ் முதலியோர் வீட்டுவேலைக்கு ஊதியம் என்ற கோரிக்கையை இயக்கமாக்கியபோது பலர் சிரித்தார்கள். 1975இல் சில்வியா ஃபெதரிச்சி அதற்குக் கொடுத்த விளக்கம் முக்கியமானது. வீட்டுவேலை பெண்ணின் மீது சுமத்தப்பட்டது மட்டுமல்ல, அவளுடைய இயற்கைக் குணமாகவே மாற்றப்பட்டது என்றார் அவர். கூலி கேட்பதன் பொருள், இது என் குணமல்ல, உழைப்பு என்று அறிவிப்பது.

இதை வகுப்பில் பேசும்போது ஒரு மாணவி கேட்டாள்: "எனக்குச் சமைக்கப் பிடிக்கும் அம்மா. அது தப்பா?" தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. சிமோன் தெ பொவார் 1949இல் வெளியிட்ட 'இரண்டாம் பாலினம்' நூலில் வீட்டுவேலையை முடிவில்லாமல் பாறை உருட்டும் சிசிஃபஸின் தண்டனையோடு ஒப்பிட்டார். அதே நூலில் ஜாம் காய்ச்சும் பெண்ணைப் பற்றி எழுதும்போது அவர் குரல் இளகுகிறது. காலத்தைச் சர்க்கரையில் பிடித்து ஜாடியில் அடைக்கும் ஒரு படைப்பின்பம் அங்கே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். நாள்தோறும் அதையே செய்யும்போது அந்த இன்பம் தேய்ந்துவிடும் என்றும் சேர்த்தே சொல்கிறார்.

நான் மாணவிக்குச் சொன்ன பதில் இங்கிருந்து வந்தது. பிடித்தம் பொய்யில்லை. ஆனால் பிடிக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: செய்யாமல் இருக்க முடியுமா? ஞாயிறு மாலையில் நான் ஸ்கோன் சுடுகிறேன். சுடாவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், யாரும் பசியோடு இருக்க மாட்டார்கள். அந்த உரிமைதான் என் மாவை லேசாக்குகிறது. மறுக்க முடியாத இடத்தில் செய்யப்படும் அதிரசம் எவ்வளவு மென்மையாக வந்தாலும் அதைச் செய்தவளுக்குக் கனமானது. அம்மாவுக்கு அதிரசம் பிடித்திருந்ததா என்பதற்கு இன்று பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் தீபாவளிக்குச் செய்யாமல் இருக்கும் வழி அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

இங்கே நின்றுவிட்டால் என் சுதந்திரத்தை மட்டும் பேசியதாகிவிடும். ஜாம் எளிய பண்டம் என்கிறோம். அதில் பாதி சர்க்கரை. பிரிட்டனில் சர்க்கரை மலிந்தது கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால். அடிமை முறை ஒழிந்தபின் மொரீசியஸ், நட்டால், பிஜி கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் பாரதி பாடினார். ஸ்கோனோடு குடிக்கும் தேநீருக்கு இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்த கைகளும் தமிழ்ப் பெண்களின் கைகளே. அந்த விரல்களின் வேகத்தையும் இயல்பு என்றே புகழ்ந்தார்கள். கூலியைக் குறைவாக வைக்க அது வசதியாக இருந்தது. லண்டனின் பெர்மான்சி பகுதியில் ஜாம், பிஸ்கட் ஆலைகளில் வேலைசெய்த பெண்கள் 1911 ஆகஸ்ட் மாதம் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். மேரி மக்கார்தர் அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். பல ஆலைகளில் கூலி உயர்ந்தது. ஆக, வீட்டில் கூலியின்றியும் ஆலையில் குறைந்த கூலிக்கும் ஜாம் காய்ச்சியவர்கள் பெண்களே. ஆலையில் மட்டும் அடுப்பை விட்டு வெளியேற ஒரு வாசல் இருந்தது.

அப்படியானால் சர்க்கரையைத் தொடவே கூடாதா? அப்படியும் வாழ்ந்து பார்த்தார்கள். 1790களில் பிரிட்டனில் வாக்குரிமை இல்லாத பெண்கள் பலர் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வீட்டில் நுழையவிடாமல் நிறுத்தினார்கள். 1824இல் எலிசபெத் ஹெய்ரிக், அடிமை முறையைப் படிப்படியாக அல்ல, உடனே ஒழிக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, லெஸ்டர் நகரில் அந்தப் புறக்கணிப்புக்கு ஆதரவு திரட்டினார். சமையலறையை அரசியல் இல்லாத இடம் என்று நினைத்தவர்களுக்கு அவர்கள் தந்த பதில் அது. எல்லாக் காலத்துக்கும் புறக்கணிப்பே வழி என்று நான் சொல்லவில்லை. எதை வாங்குகிறோம், அது யார் உழைப்பு என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு அடுப்படிக்கும் உண்டு என்கிறேன்.

எனவே பாராட்டவே வேண்டாம் என்பதல்ல என் முடிவு. பாராட்டைக் கேள்வியாக மாற்றலாம். "எப்படிச் செய்தாய்?" என்று கேட்கும்போது அவள் ஓர் அறிவின் உடைமையாளர் ஆகிறாள். "அடுத்த வாரம் நான் செய்கிறேன், சொல்லிக்கொடு" என்று ஓர் ஆண் கேட்டால் அவள் ஆசிரியராகிறாள், அவளுக்கு ஒரு மாலைப்பொழுதும் மிஞ்சுகிறது. இனி உங்களிடம் யாராவது கைப்பக்குவம் என்று சொன்னால் சிரித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும், மாவைப் பிசையக் கூடாது, 220 டிகிரி, பன்னிரண்டு நிமிடம் என்று சொல்லி, கரண்டியை அவர் கையில் கொடுங்கள்.