உத்தியோகமும் வாழ்வின் பயனும்

ஆலய மண்டபத்தில் ஒருவரையொருவர் சந்திக்கும்போது, “பிள்ளை இப்ப என்ன செய்கிறார்?” என்று கேட்பது நம் வழக்கம். நாம் எதிர்பார்க்கும் விடை ஓர் உத்தியோகத்தின் பெயர்: வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. வீட்டையும் வளவையும் விட்டு உடுத்த உடுப்போடு வெளியேறிய நமக்குக் கல்வி ஒன்றே எவராலும் பறிக்க முடியாத முதலாக இருந்தது. அதைக் கொண்டே இங்கு மீண்டும் எழுந்தோம்.

எனினும், எதனைக் கொண்டு வாழ்வது என்பது ஒரு கேள்வி. எதன் பொருட்டு வாழ்வது என்பது இன்னொரு கேள்வி. முதற் கேள்விக்கு நாம் தேடிக் கொடுத்த விடையே இரண்டாவதற்கும் போதும் என்று எண்ணிவிட்டோம். நல்ல சம்பளத்தோடு இருக்கும் பிள்ளைகள் சிலர், “இந்த வேலையை நான் செய்யாவிட்டால் யாருக்கு என்ன குறை?” என்று கேட்கும்போது நமக்குப் பதில் வருவதில்லை.

இக்கேள்விக்கு விடை தேடும் இளைஞர் சிலர் வட அமெரிக்காவின் மேற்குப் புறத்து மாட்டுப் பண்ணைகளுக்குத் தொழில் பழகச் செல்கின்றனர். நியூ மெக்சிகோவில் 1997 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிவீரா கூட்டமைப்பு இத்தகைய பயிற்சியை ஒழுங்கு செய்யும் நிறுவனங்களுள் ஒன்று. பயிலுநர் ஏறக்குறைய எட்டு மாதங்கள் பண்ணையிலேயே தங்கி, பண்ணையாளரின் கீழ் வேலை பழகுவார். கொடுப்பனவு சிறிது. மின்வேலி இழுத்தல், தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தல், கன்று ஈனும் பருவத்தில் நடுச்சாமத்தில் எழுந்து செல்லுதல், புல்லின் வளர்ச்சியைக் குறித்து வைத்தல் ஆகியன அன்றாட வேலைகள்.

மண்ணை மீண்டும் உயிர்ப்பிக்கும் மேய்ச்சல் என இம்முறையைச் சொல்கிறார்கள். மாடு ஒரு தடவை கடித்த புல் மீண்டும் வேரூன்றித் தழைக்கும் முன்னரே அதை மறுபடியும் கடிக்குமாயின், வேர் சிறுத்து நிலம் வெளிக்கும். மாடுகளின் எண்ணிக்கையை விட அவை ஓரிடத்தில் நிற்கும் காலமே முக்கியம் என்பதை ஆந்திரே வுவாசன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1950களில் விளக்கினார். ஆகவே நிலத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, மாடுகளைக் குறுகிய காலம் மேயவிட்டு, அடுத்த துண்டுக்கு மாற்றி, மேய்ந்த இடத்துக்கு நீண்ட ஓய்வு கொடுக்கிறார்கள். தோட்டத் தறையில் மாட்டை இடம் மாற்றி மாற்றிக் கட்டி எருவூட்டிய நம் ஊரவர்க்கு இது முற்றிலும் புதிதாக இராது.

வட டக்கோட்டாவைச் சேர்ந்த கேப் பிரவுண் பட்டணத்தில் வளர்ந்தவர். மனைவியின் பெற்றோரிடம் 1991 இல் நிலத்தை வாங்கினார். 1995 முதல் 1998 வரை கல்மழையாலும் வரட்சியாலும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து விளைச்சல் அழிந்தது. உரம் வாங்கக் காசில்லாத நிலையில் மண்ணையே கவனிக்கத் தொடங்கினார். இரண்டு சதவீதத்துக்கும் குறைவாயிருந்த மண்ணின் சேதனப் பொருள் பிற்காலத்தில் ஆறு சதவீதத்தைத் தாண்டியதாக அவர் எழுதியுள்ளார். கணக்காளர் மொழியிற் சொன்னால், முதலைத் தின்று வந்த ஒரு தொழில் முதலைப் பெருக்கத் தொடங்கியது. இந்தக் கணக்கை ஆண்டு முடிவில் மூட முடியாது. இன்று கட்டும் வேலியின் பயனைப் பத்தாண்டின் பின் வேறொருவர் காணலாம். தன் ஆயுளிலும் நீண்ட ஒரு கணக்கில் தானும் ஒரு வரி எழுதினேன் என்பதே அப்பிள்ளைகள் தேடும் பயன் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் நம்மவருக்கு இங்கே ஒரு பெரிய தடை உண்டு. அந்த மாடுகள் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. பட்டிப் பொங்கலன்று மாட்டுக்குப் பொட்டு வைக்கும் வீட்டுப் பிள்ளை, தான் பிறக்க உதவிய கன்றைக் கொலைக்களத்துக்கு ஏற்றி அனுப்பலாமா? உழவைப் போற்றும் திருக்குறளே கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்துள்ளது. மண் வளம் பெறுகிறது என்பதால் கொலையின் பாரம் குறைந்துவிடாது. புல் மேயும் மாடுகளால் காலநிலை மாற்றமே தீரும் என்று சிலர் சொல்வதையும் அப்படியே ஏற்பதற்கில்லை. 2017 இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்களின் பங்களிப்புடன் வெளிவந்த அறிக்கையொன்று, நல்ல மேய்ச்சலால் மண்ணிற் சேரும் கரி அம்மாடுகள் வெளியிடும் வாயுக்களின் ஒரு பகுதியையே ஈடுசெய்யும் என முடிவு கூறியது.

அதேவேளை, நாம் கைகழுவி நிற்கவும் முடியாது. இந்நாடுகளில் நாம் வாங்கும் பாலும் தயிரும் நெய்யும் வரும் பண்ணைகளில், ஆண் கன்றுகளும் பால் வற்றிய பசுக்களும் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் அதே கொலைக்களந்தான். நாம் அதைக் காண்பதில்லை, அவ்வளவே. தூரத்தில் நிற்பதைத் தூய்மை என்று எண்ணிவிடலாகாது. மனம் ஒப்பாத பிள்ளை அவ்வேலைக்குப் போகவே வேண்டாம்; மண்ணைப் பேணும் காய்கறித் தோட்டங்களிலும் தானியப் பண்ணைகளிலும் தொழில் பழகலாம். மனம் ஒப்பிப் போகும் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். கனடாவின் 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பண்ணையாளரின் சராசரி வயது 56. தமக்குப் பின் பண்ணை யாருக்கு என்று எழுத்தில் திட்டம் வைத்திருந்த பண்ணைகள் நூற்றுக்குப் பன்னிரண்டு மட்டுமே. இங்கே நிலம் வாரிசைத் தேடி நிற்கிறது. நம்மிற் பலரோ நிலத்தை இழந்த வாரிசுகள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கு இதன் பொருள் தெரியும். ஆனால் இந்தப் புல்வெளியும் ஒரு காலத்தில் பிறருடையது. தென் அல்பேர்ட்டாவின் பூர்வகுடிகள் 1877 இல் ஏழாம் உடன்படிக்கைக்கு உட்பட்டனர். அவர்களை வாழ வைத்த காட்டெருமைக் கூட்டங்கள் சில ஆண்டுகளுள் அற்றுப்போயின. நிலத்தை இழந்தவன் நிலத்தில் கால் வைக்கும்போது, அதற்கு முன் அதை இழந்தவரையும் நினைக்கக் கடமைப்பட்டவன்.

ஆகவே, “அலுவலகத்தை விட்டு ஒரு பருவம் பண்ணைக்குப் போகிறேன்” என்று பிள்ளை சொன்னால், உடனே அழுது தடுக்காமலும் உடனே புகழாமலும் இருப்போமாக. கொடுப்பனவு எவ்வளவு, விபத்துக் காப்புறுதி உண்டா, கல்விக் கடன் எவ்வாறு அடையும் என்று கேட்போம். இவை பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளே. கேட்டபின், “அங்கே உன்னை நம்பி என்ன இருக்கப் போகிறது?” என்றும் கேட்போம். அதற்குத் தெளிவான விடை சொல்லும் பிள்ளை எட்டு மாதத்தில் மீண்டும் மேசை வேலைக்குத் திரும்பினாலும் நட்டமில்லை. அதே கேள்வியை நம் உத்தியோகத்தைப் பற்றியும் நாம் நம்மிடம் கேட்டுக்கொள்வது நன்று.